அத்தியாயம் 7: கடல் கண்ட கப்பல் – எம்டன் மாதிரிக்கு வெதரிங் செய்வது

முந்தைய அத்தியாயங்களில் கிட்டைப் பிரித்து, பாகங்களை ஒட்டி, இடைவெளிகளைப் புட்டியால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடிப்பது வரை வந்துவிட்டோம். இனி நிறம் பூச வேண்டும், அதன்மேல் காலத்தை ஏற்ற வேண்டும். பெயின்ட் அடித்து முடித்த மாதிரிக் கப்பல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடலுக்குப் போய் வந்த கப்பலாக இருக்காது. வெயிலும் உப்புக்காற்றும் கரிப்புகையும் நங்கூரச் சங்கிலியும் கப்பலின் மேல் விட்டுப்போகும் தடங்களை மாதிரியில் கொண்டுவருவதைத்தான் மாடல் செய்பவர்கள் வெதரிங் என்கிறார்கள்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். “இது ஏன் இங்கே இருக்கிறது?” என்று யாராவது கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடிய வேண்டும். பதில் இல்லாத கறையை வைக்காதீர்கள். அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு விதியின் விரிவாக்கம்தான்.

எடுத்துக்காட்டுக்கு எம்டன்

எடுத்துக்காட்டாக ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை எடுத்துக்கொள்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்த அதே கப்பல். அதன் குண்டு விழுந்ததை நினைவூட்டும் பலகை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. ரெவெல் நிறுவனம் இதை 1:350 அளவில் பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டிருக்கிறது.

நமக்கும் இந்தக் கப்பலுக்கும் உள்ள தொடர்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: வெதரிங் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். 1914 ஆகஸ்ட் 6 அன்று சீனக் கரையிலிருந்த ஜெர்மன் தளமான சிங்தாவை விட்டு எம்டன் கடைசியாகக் கிளம்பியது. அதற்குப் பிறகு தளம் திரும்பவில்லை, உலர்துறையில் ஏறவில்லை. கரி எரித்து ஓடும் கப்பல் என்பதால், தன்னோடு வந்த கரிக்கப்பல்களை நடுக்கடலிலோ ஒதுக்குப்புறமான தீவுகளின் ஓரத்திலோ பக்கத்தில் அணைத்துக்கொண்டு கரி ஏற்றியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை வீழ்த்தியது. அந்தச் சில மாத வாழ்க்கை நாள்வாரியாகப் பதிவாகியிருப்பதால், எந்தத் தடம் எப்படி வந்திருக்கும் என்று நாம் யோசித்துச் சொல்ல முடிகிறது.

முதலில் ஒரு தேதி

பெயின்டைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் தேதியை எழுதுங்கள். உங்கள் மாதிரி எந்த நாளின் எம்டன்?

போருக்கு முன் என்றால் உடல் வெள்ளை, புகைபோக்கிகள் மங்கிய மஞ்சள். கிழக்காசியப் படைப்பிரிவின் அமைதிக்கால அலங்காரம் அது. அந்த வெள்ளைக் கப்பலை மாலுமிகள் தினமும் துடைத்து வைத்திருப்பார்கள். அதில் துரு வழிந்தால் கேப்டன் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார். அந்த மாதிரிக்குப் புகைபோக்கி விளிம்பில் கொஞ்சம் கரியும், நங்கூரத் துளைக்குக் கீழே மெல்லிய ஒரு கோடும் போதும்.

சென்னையைச் சுட்ட இரவு என்றால் கப்பல் சாம்பல் நிறம். ஏறக்குறைய ஏழு வாரம் கடலிலேயே கழிந்திருக்கிறது. அதற்குள் பல தடவை கரி ஏற்றியாகிவிட்டது. வங்காள விரிகுடாவில் பிடிபட்ட பொண்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலில் இருந்த இந்தியக் கரியும் கையிலிருந்தது. அது அதிகம் புகையும் மட்டமான கரி.

அக்டோபரில் டியகோ கார்சியா தீவில் கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடிப்பகுதியில் ஒட்டியிருந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டினார்கள். ஆகவே அந்தத் தேதிக்கு முன்பும் பின்பும் நீர்க்கோட்டுப் பகுதி ஒரே மாதிரி இருக்காது.

அக்டோபர் 28 அன்று பினாங்குக்குள் நுழைந்தபோது, மரச்சட்டத்தில் கித்தான் கட்டிய போலிப் புகைபோக்கி ஒன்றும் நின்றது. பிரிட்டிஷ் கப்பல் யார்மத்துக்கு நான்கு புகைபோக்கி, எம்டனுக்கு மூன்று என்பதால் செய்த ஏமாற்று அது. அந்த நாளைச் செய்கிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள்: நான்காவது புகைபோக்கியில் புகை வராது, கித்தான் துருப்பிடிக்காது. மற்ற மூன்றுக்கும் ஏற்றும் கரியையும் துருவையும் அதற்கும் ஏற்றினால் கதையே கெட்டுவிடும். அதற்கு மங்கிய துணி நிறமும் மடிப்பு நிழலும் மட்டுமே பொருந்தும்.

இந்த அத்தியாயத்தில் நாம் செய்வது 1914 செப்டம்பர் 22 அன்றைய எம்டன்.

புகைப்படங்களை எப்படிப் பார்ப்பது

எம்டனின் படங்கள் நிறையக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை: போருக்கு முந்தைய வெள்ளைக் கப்பல், கோகோஸ் தீவுகளில் ஒன்றான வடக்கு கீலிங்கின் பாறையில் ஏறிக் கிடக்கும் சிதைந்த உடல். இரண்டாவது வகையைப் பார்த்து வெதரிங் செய்யக் கூடாது. அந்தப் படங்களில் தெரிவது தீயும் குண்டும் செய்த சேதம். பிறகு அலையும் மழையும் தின்ற இரும்பு. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் அழுக்கு வேறு. அதற்கு, அதே காலத்தில் கரி ஏற்றிக்கொண்டிருந்த பிற நாட்டுக் கப்பல்களின் படங்கள் எம்டனின் சிதைந்த படத்தைவிட நல்ல துணை. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது என்பது உண்மைதான். கறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியும். நமக்கு முக்கியம் அதுதான்.

அளவுக் கணக்கு

எம்டனின் நீளம் 118.3 மீட்டர். 1:350இல் அது சுமார் 33.8 செ.மீ. மேல்தளத்தில் நிற்கும் மாலுமியின் உயரம் 5 மி.மீ.கூட வராது. இந்த அளவில் 1 மி.மீ. என்பது உண்மையில் 35 செ.மீ. பெயின்ட் உரிந்த இடம் என்று 2 மி.மீ. அகலத்தில் ஒரு புள்ளி வைத்தால், உண்மைக் கப்பலில் 70 செ.மீ. அகலத்துக்குப் பெயின்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். டாங்கி மாடல் செய்து பழகியவர்கள் கப்பலுக்கு வரும்போது தடுமாறுவது இங்கேதான். 1:35 டாங்கியில் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கும் உரிவுகள், பத்து மடங்கு சிறிய கப்பலில் அம்மைத் தழும்பாகத் தெரியும்.

நிறத்துக்கும் இதே கணக்கு. பெரிய பொருளைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது இடையிலுள்ள காற்று அதன் நிறத்தை வெளிற வைக்கும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சிறு மாதிரியில் அந்த வெளிறலை நாம்தான் சேர்க்க வேண்டும். 1:350க்குச் சாம்பலில் பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்து தொடங்குங்கள். 1:700க்கு இன்னும் கொஞ்சம் கூட்டலாம். சுத்தக் கறுப்பையும் சுத்த வெள்ளையையும் எந்த இடத்திலும் அப்படியே பூச வேண்டாம்.

தேவையான பொருட்கள்

- ஓவியர்களின் ஆயில் கலர்: பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ரா அம்பர், வெள்ளை, கறுப்பு. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சிறு டியூப் பல கப்பலுக்கு வரும்.
- மினரல் டர்பன்டைன். ஹார்டுவேர் கடையில் பெயின்ட் பக்கத்தில் இருக்கும். வாசனை குறைவானது கிடைத்தால் அதை வாங்குங்கள்.
- அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷ், அக்ரிலிக் மேட் வார்னிஷ். தமியா வகையில் பளபளப்புக்கு எக்ஸ்-22. அதைக் கரைக்க எக்ஸ்-20ஏ. வெறும் எக்ஸ்-20 எனாமலுக்கான தின்னர். கடையில் பாட்டிலை மாற்றி எடுத்துவிடாமல் எழுத்தைப் பாருங்கள்.
- 000 எண் கூர்முனைத் தூரிகை ஒன்று, 3 மி.மீ. அகலத் தட்டைத் தூரிகை ஒன்று.
- கூராகச் சீவிய வாட்டர்கலர் பென்சில்கள்: வெள்ளை, அடர் பழுப்பு.
- உலர் பேஸ்டல் கட்டி, கறுப்பும் அடர் சாம்பலும். உப்புத்தாளில் உரசினால் மென்தூள் கிடைக்கும். விலையுள்ள பிக்மென்ட் பாட்டிலுக்குப் பதிலாக இதுவே போதும்.
- பஞ்சுக் குச்சி, பல்குச்சி, அட்டைத் துண்டு.

வரிசை மாறக் கூடாது

1. உடல், மேல்தளம், புகைபோக்கிகள், படகுகள் ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்து அடிப்படை நிறம் பூசுங்கள். பித்தளை எட்ச் கைப்பிடி வேலிகளை இப்போது ஒட்ட வேண்டாம், தூரிகை மாட்டிக்கொள்ளும்.
2. ஒரு நாள் காய்ந்தபின் பளபளப்பு வார்னிஷ். ஆயில் கலர் வழுக்கி ஓடவும், பிடிக்காததைத் துடைத்தெடுக்கவும் இந்தப் பரப்பு தேவை.
3. வாஷ்: டர்பன்டைனில் மிகவும் நீர்க்கக் கரைத்த அடர் சாம்பல். கதவு ஓரம், பீரங்கிக் கவச அடி, தகட்டு இணைப்பு ஆகிய இடங்களில் தூரிகை முனையால் தொட்டால் தானாக ஓடிப் படியும். உடல் முழுக்கக் கழுவ வேண்டாம்.
4. உரசல், துரு, வழிவுகள்.
5. ஆயில் கலர் ஓரிரு நாள் காய்ந்தபின் மேட் வார்னிஷ்.
6. பேஸ்டல் தூளால் கரிப்படிவு.
7. வேலிகள், படகுகள், கடைசியாகக் கயிறுகள்.

நம் ஊர்க் காலநிலைக்கு ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்திலும், கடற்கரை ஊர்களில் ஈரம் மிகுந்த நாட்களிலும் மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் பரப்பு பால் பூத்ததுபோல் வெளுத்துவிடும். காற்றிலுள்ள ஈரம் படலத்துக்குள் சிக்கிக்கொள்வதால் வருவது இது. ஈரம் இறங்கிய மதிய நேரத்தில், மெல்லிய பூச்சாக, இடைவெளி விட்டு அடியுங்கள். அவசரம் என்றால் தூரிகையால் பூசும் அக்ரிலிக் வார்னிஷ் பாதுகாப்பானது. டர்பன்டைனோ ஸ்பிரேயோ கையில் எடுத்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடி போடுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

நங்கூரத் துளையின் துரு: ஒரு கோட்டை எப்படி இழுப்பது

போர்க்கப்பலில் துரு எல்லா இடத்திலும் வராது. பெயின்டை ஏதோ ஒன்று உராய்ந்து எடுக்க வேண்டும், அங்கே நீர் தங்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்கும் முதல் இடம் அணியத்தின் இரு பக்கமும் இருக்கும் நங்கூரத் துளை. சங்கிலி ஓடும்போதெல்லாம் இரும்பு தேயும். நனைந்த சங்கிலியிலிருந்து துருநீர் வடியும்.

பர்ன்ட் சியன்னாவையும் பர்ன்ட் அம்பரையும் கடுகளவு எடுத்து அட்டைத் துண்டின்மேல் அரை மணி நேரம் வையுங்கள். டியூப்பிலுள்ள எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் போன ஆயில் கலர் சீக்கிரம் காயும், மினுங்காது. இரண்டையும் கலந்து, கூர்முனைத் தூரிகையால் துளையின் கீழ் விளிம்பில் ஒரு புள்ளி வையுங்கள். ஊசிமுனை அளவுக்கு மேல் வேண்டாம்.

பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு தட்டைத் தூரிகையை டர்பன்டைனில் நனைத்து, துணியில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். மாதிரியைக் கிடைமட்டமாக நேராக வைத்து, புள்ளியிலிருந்து நீர்க்கோட்டை நோக்கி ஒரே இழுப்பாக இழுங்கள். கோடு தொடக்கத்தில் அடர்ந்தும் போகப்போகத் தேய்ந்தும் நீர்க்கோட்டுக்கு முன்பே மறைய வேண்டும். அகலம் அரை மி.மீ. இருந்தால் போதும், உண்மையில் அது 17 செ.மீ. துருநீர் ஓட்டம். அகலமாகிவிட்டால், சுத்தமான ஈரத் தூரிகையால் இரு ஓரத்தையும் மேலிருந்து கீழாகத் துடைத்துக் குறுக்குங்கள். அடியில் பளபளப்பு வார்னிஷ் இருப்பதால் சாம்பல் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது.

கோடு எப்போதும் தூக்குக்குண்டு தொங்கும் திசையில்தான் போக வேண்டும். அணியத்தின் வளைவைப் பார்த்துச் சாய்த்து இழுக்க வேண்டாம்.

இதே முறைதான் மேல்தளத்து நீர் வடியும் ஓட்டைகளுக்கும். ஆனால் அங்கே நிறம் மாறும்: கரித்தூள் கழுவிய நீர் என்பதால் ரா அம்பரோடு கறுப்பு கலந்த அழுக்குச் சாம்பல். வட்ட ஜன்னல்களின் சட்டம் அந்தக் காலக் கப்பல்களில் பெரும்பாலும் பித்தளை. அதற்குக் கீழே செந்துரு வழிய விடாதீர்கள். மெல்லிய அழுக்குக் கோடு ஒன்று போதும், அதுவும் எல்லா ஜன்னலுக்கும் வேண்டாம்.

கரிக்கப்பல் உரசிய பக்கவாட்டு

எம்டனின் வரலாறு மாதிரியில் தெரிய வேண்டிய முக்கிய இடம் நடுப்பகுதியின் பக்கவாட்டு. அதிகபட்சம் சுமார் 860 டன் கரி கொள்ளும் கப்பல் அது. அலை அடிக்கும் கடலில் இன்னொரு கப்பலைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு, மூட்டை மூட்டையாகக் கரியை இந்தப் பக்கம் இழுத்திருக்கிறார்கள். நடுவில் தடுப்பு வைத்தாலும் இரண்டு உடல்களும் மோதும், உரசும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எம்டன் நெடுநாள் வெள்ளைக் கப்பலாக இருந்து, போருக்காகச் சாம்பலாக மாறியது. ஆகவே உரசிய இடத்தில் முதலில் எட்டிப்பார்ப்பது அடியிலிருந்த வெள்ளை என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். அதையும் தாண்டி இரும்பு வரை தேய்ந்த இடத்தில்தான் துரு. எல்லா உரசலையும் பழுப்பாக்கினால் இந்தக் கப்பலின் தனிக்கதை போய்விடும்.

உரசலைக் காட்டும் பென்சில் கோடுகள் பளபளப்பில் பிடிக்காது. ஆகவே வாஷ் காய்ந்ததும் இந்தப் பட்டைக்கு மட்டும் மெல்லிய மேட் பூச்சு கொடுங்கள். அது காய்ந்தபின் வெள்ளை வாட்டர்கலர் பென்சிலை நன்றாகச் சீவி, முதல் புகைபோக்கியிலிருந்து மூன்றாவது வரையிலான நீளத்தில், நீர்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி மேல்தள விளிம்பு வரை, 2 அல்லது 3 மி.மீ. நீளக் கோடுகள் போடுங்கள். அலை இரு கப்பலையும் மேலும் கீழும் ஆட்டியதால் பெரும்பாலானவை செங்குத்துக் கோடுகள். முன்னும் பின்னும் நகர்ந்ததால் சில கிடைக்கோடுகள். கூட்டம் கூட்டமாகப் போடுங்கள், சீராகப் பரப்ப வேண்டாம். ஈரப் பஞ்சுக் குச்சியால் லேசாக ஒற்றினால் பாதி மறைந்து பரப்போடு சேர்ந்துவிடும். கடைசியில் நான்கைந்து இடத்தில் மட்டும் பழுப்புப் பென்சில் முனையால் ஒரு தொடுதல்.

கரித்தூள் மேல்தளத்திலும் இருக்கும். கரி இறங்கிய நடுத்தளத்தின் மூலைகளிலும் கரிக்குழி மூடிகளைச் சுற்றியும் அடர் சாம்பல் பேஸ்டல் தூளைப் பழைய தூரிகையால் தட்டி, மிச்சத்தை ஊதிவிடுங்கள். மனிதர் நடக்கும் பாதையில் தூள் குறையட்டும், ஓரத்தில் கூடட்டும்.

புகையும் நீர்க்கோடும்

புகை பின்னோக்கிப் போகும். இந்த ஒரு உண்மை கரிப்படிவின் இடத்தைத் தீர்மானிக்கும். புகைபோக்கிகளின் மேல் விளிம்பிலும் அதற்குக் கீழே 3 மி.மீ. வரையிலும் கறுப்பு பேஸ்டல். மூன்றாவது புகைபோக்கிக்குப் பின்னால் நிற்கும் கொடிமரத்தின் மேல்பாதி சாம்பலிலிருந்து கருமைக்கு மாற வேண்டும். முன் கொடிமரம் கிட்டத்தட்டச் சுத்தமாகவே இருக்கட்டும். இரண்டையும் ஒரே அளவில் கருக்கிய மாதிரியைப் பார்த்தால், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்கத் தோன்றும்.

முழு உடல் மாதிரி என்றால் நீர்க்கோட்டில் 1 மி.மீ. உயரத்துக்கு மங்கிய பச்சைப் பாசிப் பட்டை வேண்டும். வெப்பக் கடலில் உலர்துறை காணாத கப்பல், டியகோ கார்சியாவில் சுரண்டுவதற்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. ஆலிவ் பச்சையில் ரா அம்பர் கலந்து, மேல் ஓரத்தை ஒழுங்கில்லாமல் விடுங்கள். அதற்குச் சற்று மேலே, காய்ந்த உப்பின் வெளிறலுக்கு மிக நீர்த்த வெளிர் சாம்பல் வாஷ் ஒரு தடவை. கடல்பரப்பில் வைக்கும் மாதிரி என்றால் இந்தப் பச்சையில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விடும். உப்புப் பட்டை மட்டும் போதும்.

எங்கே நிறுத்துவது

எம்டன் அழுக்கான கப்பல். கைவிடப்பட்ட கப்பல் அல்ல. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் கீழ் முந்நூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகள் அதில் தினமும் வேலை செய்தார்கள். சென்னையைச் சுடுவதற்கு முன் காயத்தில் சீழ் பிடிக்காமலிருக்க எல்லோரும் குளித்துச் சுத்தமான உடை போட்டுக்கொண்டார்கள் என்று பதிவு இருக்கிறது. அவ்வளவு கட்டுப்பாடுள்ள கப்பலில் பீரங்கிகள் துருப்பிடித்து நின்றிருக்காது. ஆகவே பத்து பீரங்கிகளையும், பாலத்தையும், தேடு விளக்குகளையும் சுத்தமாக விடுங்கள். அழுக்கான பக்கவாட்டும் சுத்தமான ஆயுதமும் ஒன்றாகத் தெரியும்போதுதான், இது வேலையில் இருக்கும் போர்க்கப்பல் என்று பார்ப்பவருக்குப் புரியும்.

ஒரு கட்டம் முடிந்ததும் அன்றைக்கு நிறுத்துங்கள். மறுநாள் பகல் வெளிச்சத்தில் ஒரு கை நீளத் தூரத்திலிருந்து பாருங்கள்; போனில் ஒரு படம் எடுத்தும் பாருங்கள். கப்பலுக்கு முன்னால் கறை கண்ணில் பட்டால் அது அதிகம். டர்பன்டைன் தொட்ட தூரிகையால் பாதியைக் குறைத்துவிடுங்கள்.

கயிறுகள் கட்டி முடித்ததும் அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். ஓரத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கயிறுகளுக்கு நடுவே படியும் வீட்டுத் தூசியைப் பிறகு எடுக்கவே முடியாது.

அடுத்த கப்பல் எதுவாக இருந்தாலும், பெயின்டைத் திறப்பதற்கு முன் தேதியை எழுதுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய மூன்று மாதத்தில் அந்தக் கப்பல் எங்கே போனது, எதை எரித்தது, எதோடு உரசியது என்று படியுங்கள். நல்ல வெதரிங்கில் பாதி வேலை அந்தப் படிப்பிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதிக்குச் சில டியூப் ஆயில் கலரும் பொறுமையும் போதும்.